எட்டெழுத்துக்கு இரண்டு சாவி

எங்கள் ஊர்க் கோயில் உண்டியலுக்கு இரண்டு பூட்டு. இரண்டு வகையறாவிடமும் ஆளுக்கொரு சாவி. அந்தப் புத்தியை ஊர் லேப்டாப்பிலும் காட்டினார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குச் சனி பிடித்தது.

அப்போது எங்கள் பசியாவரத்தில் நெட் என்றால் லினக்ஸ் போட்ட அந்த ஒரே லேப்டாப்பும், அதில் செருகும் டாங்கிளும்தான். இயக்குவது நான். ஆனால் டயல் செய்து நெட்டை இணைக்கும் உரிமை, ரூட் என்கிற தலைமைக் கணக்குக்கு மட்டும். நான் தொட்டால் 'அனுமதி இல்லை' என்று முகத்தில் அடிக்கும். "ரூட் பாஸ்வேர்டு தெரிஞ்சவன் எதை வேணா அழிச்சிடலாம்" என்று லேப்டாப்பைத் தயார் செய்தவர் சொல்லிவிட்டுப் போக, ஊர்க்கூட்டம் பயந்துபோய் அந்த எட்டெழுத்தைப் பாதியாகப் பிரித்தது. முதல் நாலு என் பெரியப்பாவுக்கு, அடுத்த நாலு என் மாமாவுக்கு. ஒருவர் அடிக்கும்போது மற்றவர் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். தினமும் இந்தக் கூத்துதான்.

தங்கச்சிக்கு நர்சிங் சீட் கிடைத்தது. மாலை ஐந்துக்குள் நெட்டில் சம்மதம் சொல்லாவிட்டால் சீட் வேறு யாருக்கோ போய்விடும். அன்று பார்த்து மாமாவுக்குப் பாடு. ஏரியில் வலை போடும் முறை தனக்கு வந்த நாளில் எவன் கரையேறுவான்? லேப்டாப்பையும் பெரியப்பாவையும் படகில் ஏற்றிக்கொண்டு மாமாவிடம் போனேன்.

மணி நாலே முக்கால். பெரியப்பா தன் நாலை அடித்தார். மாமா கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு தன் நாலை அடித்தார். தவறு. மறுபடியும் தவறு.

"நான் கரீட்டாத்தான் அடிச்சேன். அவனைக் கேளு" என்றார் பெரியப்பா.

"இன்னா மச்சான், என்னையா சொல்ற?"

எனக்குத் தலைக்கேறிவிட்டது. "அங்க அவ படிப்பே போவுது! ரெண்டு பேரையும் சேத்துல தள்ளிடுவேன்!" என்று கத்தினேன்.

மாமா தலையைக் குனிந்துகொண்டார். "மறந்துபோச்சும்மா. நேத்துகூட அடிச்சேன், இன்னிக்கி வரமாட்டேன்னுது."

என் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. பெரியப்பா லேப்டாப்பை வெடுக்கென்று பிடுங்கி, எட்டெழுத்தையும் தானே அடித்தார். ரூட் திறந்தது. டயல் செய்தேன். ஐந்துக்கு நாலு நிமிடம் இருக்கும்போது சம்மதம் போய்ச் சேர்ந்தது.

அதற்கப்புறம்தான் மாமாவுக்கு உறைத்தது. "என் எழுத்து உனக்கு எப்படித் தெரியும்?"

"மொத நாளே பாத்துட்டேன்."

"அடப்பாவி! உன்னுது நாலையும் நானுந்தான் மொத நாளே பாத்தேன். அது நல்லா ஞாபகம் இருக்குது. என்னுதுதான் மறந்துபோச்சு!"

இருவரும் படகு ஆட ஆடக் கத்திக்கொண்டிருந்தார்கள். ரூட் இன்னும் திறந்தேதான் இருந்தது. டயல் செய்ய அனுமதி உள்ளவர்களின் பட்டியலில் என் பெயரையும் சேர்த்துவிட்டு, நல்ல பிள்ளையாக லேப்டாப்பை மூடினேன்.