சுவர் தாண்டிய ஜெபம்

மணிமொழிக்கு ஆண்டவர் கொடுத்த குரல் ஒரு மனுஷிக்குத் தேவையானதைவிடக் கொஞ்சம் கூடுதல். மந்தைவெளியில் அவள் போகும் சபையில் அவள் ஜெபிக்க எழுந்தால் மைக்கை அணைத்துவிடுவார்கள். யார் வீட்டில் உடம்புக்கு முடியவில்லை என்றாலும் பெண்கள் ஐக்கியத்தில் முதல் பேச்சே "மணிமொழியைக் கூப்பிடு" என்பதுதான். அவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வந்திருக்கும் நோயைப் பெயர் சொல்லி அதட்ட வேண்டும். 'சுகம் தாரும்' என்று பொதுவாக முனகினால் போதாது. காமாலை என்றால் காமாலையே போ, கட்டி என்றால் கட்டியே கரைந்து போ. ஒரு முறை சபை மூப்பர் ஒருவரின் மூலநோய்க்காக அவள் ஜெபித்தாள். பாவம் அந்த மனுஷர், அதற்கப்புறம் பல வாரம் சர்ச் பக்கமே தலைகாட்டவில்லை.

இப்படிப்பட்ட தொண்டையை வைத்துக்கொண்டு அவள் பார்த்த வேலையைக் கேட்டால் சிரிப்பீர்கள். எச்.ஐ.வி. இருப்பவர்களையும் அவர்கள் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ளும் ஒரு சின்ன கிறிஸ்தவத் தொண்டு இல்லத்தில் வீடு வீடாகப் போகும் ஊழியம். வாயைத் திறக்கவே கூடாத வேலை! மாத்திரை ஒழுங்காகப் போடுகிறார்களா, அரசு ஆஸ்பத்திரிக்குத் தவறாமல் போகிறார்களா, பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் தொந்தரவு உண்டா என்று பார்க்க வேண்டும். பார்ப்பது மட்டும் வெளியே தெரியக் கூடாது. அதற்காக ஒரு பெரிய பையில் நைட்டிகளை அடுக்கிக்கொண்டு போவாள். அக்கம்பக்கத்துக்கு அவள் நைட்டி விற்கிற அக்கா. விளையாட்டாக ஆரம்பித்த நைட்டி வியாபாரம் நிஜமாகவே சூடு பிடித்துவிட்டது. பட்டினப்பாக்கம் பெண்கள் பாதிப் பேர் அவள் கொண்டுவந்த பூப்போட்ட நைட்டியில்தான் மீன் அலசினார்கள்.

புதிதாக ஊழியத்துக்கு வருகிறவர்களுக்கு அவள்தான் பாடம் எடுப்பாள். "வூட்டுக்குள்ள நோவு பேரை எடுக்காதீங்க. சுகர்னு சொல்லுங்க, பிரஷர்னு சொல்லுங்க. செவுத்துக்கும் காது இருக்குது." அப்படிச் சொன்ன அதே வாய்தான் கடைசியில் காரியத்தைக் கெடுத்தது. அதை நினைத்தால் எனக்கே ஆத்திரம் வருகிறது.

பட்டினப்பாக்கத்தில் அவள் போய்ப் பார்க்கும் வீடுகளில் அன்புச்செல்வியின் வீடு ஒன்று. ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த அவள் புருஷன் தணிகாசலம் நோயையும் ஒரு பெண் பிள்ளையையும் அவளிடம் விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தான். அன்பு காலையில் கடற்கரைச் சாலை முனையில் இட்லி அவித்து விற்பாள். அந்த இட்லிதான் அந்த வீட்டின் சோறு, வாடகை, மகள் கயல் படிக்கும் படிப்பு எல்லாமே. தெருவுக்கு விஷயம் தெரிந்தால் ஒரு இட்லி விற்காது. இது அன்புவுக்கும் தெரியும், மணிமொழிக்கும் தெரியும்.

அன்றைக்கு மதியம் மணிமொழி போனபோது அன்பு காய்ச்சலில் சுருண்டு கிடந்தாள். தலையணைக்குக் கீழே மாத்திரை டப்பா. எடுத்துக் குலுக்கினால் நிறைய இருந்தது.

"இன்னா அன்பு இது? போடவே இல்லியா நீ?"

"நாத்தனா வந்து தங்கிகினு இருந்தாக்கா. நேத்துதான் கெளம்பிப் போனா. அவ எதிர்ல எப்டிப் போடுறது? இன்னா மாத்திரை, எதுக்கு மாத்திரைன்னு நோண்டுவா."

"அதுக்குன்னு நிறுத்திடுவியா? பாத்ரூம்ல போயிப் போட்டிருக்கலாம்ல?"

"பயமா இருந்துச்சுக்கா."

மணிமொழிக்குத் திட்ட வரவில்லை. அவள் பார்த்துக்கொண்ட இன்னொருவன், கிண்டி தொழிற்பேட்டையில் லேத் மெஷின் ஓட்டிய டில்லிபாபுவும் இப்படித்தான் மாத்திரையை நிறுத்தினான். எவ்வளவோ கெஞ்சியும் கேட்கவில்லை. போன மாதம்தான் அவனைக் கொண்டுபோய் எரித்தார்கள். சுடுகாட்டில் அவன் மனைவி "இன்னும் கொஞ்சம் மெரட்டி இருக்கக் கூடாதாக்கா" என்று கேட்டது மணிமொழியின் நெஞ்சில் அப்படியே நின்றது. இப்போது அன்புவும் அவன் மாதிரியே கண் உள்ளே போய்க் கிடக்கிறாள்.

முட்டி போட்டாள். அன்பு கோயிலுக்குப் போய்ச் சாமி கும்பிடுகிறவள்தான், சர்ச்சுக்குப் போகிறவள் இல்லை. ஆனால் மணிமொழி ஜெபித்தால் மறுக்க மாட்டாள். தலையில் கை வைத்து மெதுவாகத்தான் ஆரம்பித்தாள். "ஆண்டவரே, இந்தப் பிள்ளையை எனக்குத் தாரும்" என்று கேட்டாள். டில்லிபாபுவின் முகம் வந்தது. கயலின் முகம் வந்தது. அந்தப் பயத்தில் சபைப் பழக்கம் வாயில் வந்துவிட்டது.

"ஏ எச்.ஐ.வி.யே! இயேசுவின் நாமத்துல சொல்றேன், இந்த வூட்டை வுட்டுப் போ! எச்.ஐ.வி.யே, வெளிய போ!"

அன்புவின் கை பாய்ந்து வந்து அவள் வாயைப் பொத்தியது. காய்ச்சல் கை, கொதித்தது. அந்த வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் இருப்பது செங்கல் இல்லை, வெறும் பலகை. அந்தப் பக்கம் முனியம்மாள் பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இப்போது நின்றுபோனது.



"கேட்டிருக்குமாக்கா?" என்றாள் அன்பு. மணிமொழி பலகையில் காதை வைத்துப் பார்த்தாள்.

அடுத்த நாள் விடிந்ததும் ஓடினாள். காய்ச்சலோடு காய்ச்சலாக அன்பு கடை போட்டிருந்தாள். இட்லிக் குண்டானிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. வாங்க ஆளில்லை. யூனிஃபார்மோடு கயல் தண்ணீர் ஜக்கைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றாள். வழக்கமாக மீன் கூடையோடு வந்து முதல் இட்லி வாங்கும் முனியம்மாள் இன்று எதிர்ச் சாரியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவளைச் சுற்றி அரைத் தெரு.

"வாம்மா ஜெபக்காரம்மா," என்றாள் முனியம்மாள். "நேத்து நோவு பேரை நல்லாத்தான் ஏலம் போட்டே. இத்தினி நாளா இவ எங்க வாயில இன்னாத்தப் போட்டுகினு இருந்தா? என் புள்ள துன்னிருக்கான், என் பேத்தி துன்னிருக்கா. சொல்லு!"

இட்லியில் இந்த நோய் பரவாது. தொட்டால் பரவாது, ஒரே தட்டில் சாப்பிட்டாலும் பரவாது. படம் போட்ட அட்டையை வைத்துக்கொண்டு எத்தனையோ கூட்டத்தில் இதைச் சொன்னவள் மணிமொழி. அந்தக் கும்பலிடம் போய்ச் சொல்லிப் பாருங்களேன் பார்ப்போம்! சொன்னால் அன்புவுக்கு நோய் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும், அவ்வளவுதான். கயல் ஜக்கைக் கீழே வைத்துவிட்டு அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொள்வதை மணிமொழி பார்த்தாள்.

"அவளுக்கு இல்ல," என்றாள். "எனக்கு."

கூட்டத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நோவு எனக்கு. என் மனசு தாங்காம இவ வூட்ல வந்து ஜெபம் பண்ணேன். அவளுக்கு வெறும் காய்ச்சல். எனக்கோசரம் கூட உக்காந்து அழுதா, அதுக்கு நீங்க குடுக்குற கூலி இதானா?"

அந்தக் குரல், அந்தப் பாழாய்ப்போன குரல், அன்றைக்கு நன்றாகவே கேட்டது. அவளுக்கு நோய் இல்லை. ஒரு நாளும் இருந்ததில்லை. பொய் சொன்னாள், ஜெபம் பண்ணுகிற வாயால் பொய் சொன்னாள். முனியம்மாள் ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். அவளோடு சேர்ந்து அத்தனை பேரும் நகர்ந்தார்கள். கூட்டத்தில் ஒருத்தி, "ஐயோ, அப்ப நைட்டி?" என்றாள்.

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு முனியம்மாள் சாலையைக் கடந்து வந்தாள். மணிமொழியைச் சுற்றிக்கொண்டுதான் வந்தாள். "நாலு இட்லி வையிடி அன்பு. இதை மொதல்லியே சொல்றதுக்கு இன்னா?" என்றாள். அன்புச்செல்வி குனிந்தபடியே இட்லி எடுத்தாள். வாய் திறக்கவில்லை. திறந்திருக்கவும் கூடாது.

அப்புறம் நடந்ததை மணிமொழி எதிர்பார்த்திருக்க வேண்டும். எதிர்பார்க்கவில்லை. விற்ற நைட்டிகளையெல்லாம் ஒரு மூட்டையாகக் கட்டி யாரோ அவள் வீட்டு வாசலில் போட்டுவிட்டுப் போனார்கள். துவைத்துக்கூட இல்லை, மீன் வாடை அடித்தது. தொண்டு இல்லத்தை நடத்தும் ரூபி சிஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார். "உங்க வாயால அந்தப் பொண்ணு பொழப்பே போயிருக்கும் மணிமொழி. இனிமே நீங்க அந்த வீட்டுக்குள்ள கால் வைக்கக் கூடாது. வேற ஆளை அனுப்புறேன்." திட்டியது நியாயம்தான், வாங்கிக்கொண்டாள். ஆனால் புது ஆளை அன்பு சீக்கிரத்தில் நம்பமாட்டாள். அதுவரை மாத்திரை?

பட்டினப்பாக்கத்துப் பேச்சு மந்தைவெளிக்கு வர எவ்வளவு நேரம்! அந்த ஞாயிறு சர்ச்சில் திருவிருந்து, அப்பமும் திராட்சை ரசமும் கொடுக்கும் நாள். அந்தச் சபையில் எல்லோருக்கும் ஒரே கிண்ணம்தான், ஒருவர் குடித்ததும் போதகர் ஐயர் விளிம்பைத் துடைத்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுப்பார். மணிமொழி போய் முழங்கால் போட்டதும் பக்கத்தில் இருந்தவள் எழுந்து அந்தக் கோடிக்குப் போனாள். ஐயர் எல்லோருக்கும் கொடுத்துவிட்டுக் கடைசியாக அவளிடம் வந்தார். கிண்ணத்தில் மிச்சம் இருப்பதை ஐயரே குடித்து முடிக்க வேண்டும் என்பது முறை. அவள் குடித்த பிறகு கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நின்றார், நின்றுகொண்டே இருந்தார். குடித்தாரா என்று பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. எழுந்து வந்துவிட்டாள்.

எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள், "கூச்சப்படாதே, இதுவும் ஒரு வியாதி, அவ்ளோதான்" என்று! இல்லாத நோய்க்கே இப்படிக் கூசுகிறதே, இருக்கிறவர்கள் எப்படித் தாங்கினார்கள் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. தன்மேலேயே வெறுப்பாக வந்தது.

நங்கநல்லூரில் கட்டிக்கொடுத்த மகள் பிரிசில்லா போனில் அழுதாள். பேரனின் ஞானஸ்நானம் நெருங்கிக்கொண்டிருந்தது.

"அம்மா, உனக்கு ஒண்ணும் இல்லைல்ல?"

"இல்லடி."

"அப்போ அதை வெளிய சொல்லும்மா! டெஸ்ட் எடுத்துக் காட்டு. எங்க மாமியார் உன்னை வரவே வேணாம்னு சொல்றாங்க. குழந்தையைத் தூக்கக் கூடாதாம்."

ஒரு வார்த்தை போதும். சொன்னால் சர்ச்சில் பக்கத்து இடம் திரும்பி வரும், பேரன் மடிக்கு வருவான். ஆனால் சொன்ன அன்றைக்கே முனியம்மாள், அப்படியானால் நோய் யாருக்கு என்று பலகைச் சுவரைத் திரும்பிப் பார்ப்பாள். "நீங்க நல்லபடியா நடத்துங்கடி," என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தாள் மணிமொழி. பிறகு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

ஞானஸ்நானத்தன்று நங்கநல்லூருக்கு அவள் போகவில்லை. கால் பட்டினப்பாக்கத்துக்குப் போனது. வீட்டுக்குள் போகக் கூடாது என்றுதானே சொன்னார்கள், ரோட்டில் இட்லி தின்னக் கூடாது என்று சொல்லவில்லையே.

கடையில் நல்ல கூட்டம். முன்பெல்லாம் மணிமொழி வந்தால் அன்பு தன் சொந்தச் சில்வர் தட்டைக் கழுவி, வடகறியை ஒரு கரண்டி கூட ஊற்றிக் கொடுப்பாள். இன்றைக்கு ஒரு காகிதத்தைக் கிழித்து, இலைத் துண்டு வைத்து, இரண்டு இட்லியைப் போட்டு, விரல் படாமல் பலகை ஓரத்தில் தள்ளினாள்.

"அப்டி ஓரமாப் போயி நில்லுக்கா. யாவார நேரம்," என்றாள் எல்லோருக்கும் கேட்க. பக்கத்தில் நின்ற முனியம்மாள், "அதான் சரி" என்று தலையாட்டினாள்.

மணிமொழி ஓரமாகப் போய் நின்றாள். சாப்பிட்டாள். முகம் மட்டும் கொஞ்சம் தெளிந்திருக்கிறதே இவளுக்கு, காய்ச்சல் விட்டிருக்குமோ என்று பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள். முனியம்மாள் கூடையைத் தூக்கிக்கொண்டு போனதும் கிட்டே வந்தாள். அன்பு அடுப்பைத் தூண்டக் குனிந்தாள். மணிமொழியும் காசு எடுப்பதுபோலக் குனிந்தாள். ஆயுசில் அப்படி ஒரு மெல்லிய குரலில் அவள் பேசியதில்லை.

"போட்டியா?"

"போட்டேன்க்கா. தெனமும் போடுறேன். நிறுத்தவே இல்ல." அன்புவின் கண் நிறைந்துவிட்டது. புகைதான் என்பதுபோலத் துடைத்துக்கொண்டாள். "நீ போக்கா. ஆளுங்க வராங்க."

பிறகு நிமிர்ந்து, வருகிறவர்களுக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னாள்.

"காசைக் கையில குடுக்காத. கீழ வையி."

மணிமொழி காசைக் கீழே வைத்துவிட்டு நடந்தாள்.