அப்பா கையெழுத்திடாத சத்தியக்கடதாசி

அப்பாவின் முப்பத்தோராம் நாள் கிரியைகளுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவினர்களே, நண்பர்களே, இக்கட்டுரையில் அழுகை குறைவு. பொறுத்துக்கொள்ளுங்கள். செத்த வீட்டுப் பந்தலில் நான் கேட்ட ஒரு பேச்சுக்கு மறுமொழி சொல்லவே எழுதுகிறேன்.

அப்பா உரும்பிராயில் மூன்று பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். அவருக்குப் பின் சித்தப்பா, கடைசியாக மாமி. தகப்பனாரைச் சிறு வயதில் இழந்தபடியால் விடியத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்துவிட்டே பள்ளிக்கூடம் போனார். நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக முப்பது ஆண்டுகளுக்கு மேல் கடமையாற்றினார். ஓய்வுபெற்றபின் சமாதான நீதவானாக இருந்து, ஊராரின் கடதாசிகளுக்குச் சான்றுக் கையெழுத்திட்டு வந்தார். யுத்த காலத்துப் பெரிய இடப்பெயர்வின்போது எல்லோரும் அரிசியும் பாத்திரமும் கட்ட, அப்பா ஆங்கில அகராதியைத் துவாயில் சுற்றிச் சைக்கிள் கரியரில் கட்டினார். "உந்தப் புத்தகத்தை அவிச்சுத் தின்னலாமோ?" என்று அம்மா கேட்டது எங்கள் வீட்டில் இன்றைக்கும் பகிடி.

அந்த அகராதியில் அப்பா அடிக்கோடிட்டு வைத்திருந்த சொல் 'அபிடவிற்'. நாங்கள் சத்தியக்கடதாசி என்போம். ஆங்கிலத்தில் அதற்கு இரண்டு 'எஃப்' வரவேண்டும். தட்டச்சுக் கடைகளில் ஒன்றை விட்டுவிடுவார்கள். டேவிட் என்ற ஆளின் பெயரைப்போல முடித்துவைப்பவர்களும் உண்டு. அப்பா சிவப்புப் பேனாவால் திருத்தித் திருப்பி அனுப்புவார்.

"இது லத்தீன் சொல். 'அவர் சத்தியம் செய்திருக்கிறார்' எண்டு கருத்து. நம்பிக்கை எண்ட சொல்லிலையிருந்து வந்தது. ஆர் அந்த 'அவர்'? எனக்கு முன்னாலை வந்து நிண்டு சொன்ன ஆள். ஆள் வராட்டில் இது வெறுங்கடதாசி" என்பார். சத்தியம் எங்களிடம் முன்பே இருந்தது, கடதாசி என்ற சொல்லைத்தான் போர்த்துக்கீசர் தந்தார்கள் என்றும் சொல்லிச் சிரிப்பார்.

ஊர் வழக்கம் வேறு. தெரிந்த ஆட்கள்தானே என்று, வராத ஆளுக்கும் முத்திரை குத்திக் கொடுப்பார்கள். அதற்கு உதவி என்று பெயர். அப்பா அந்த உதவியை ஒருவருக்கும் செய்யவில்லை.

எட்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, காலை ஏழே காலுக்குச் சித்தப்பா வந்தார். கையில் ஆங்கிலத்தில் அடித்த சத்தியக்கடதாசி. அதில், சண்டிலிப்பாயில் இருக்கும் மாமியின் கையெழுத்து. தன் சீதன வீட்டையும் வளவையும் சித்தப்பாவின் மகளுக்குக் கொடுக்க மாமி மனமுவந்து சம்மதிக்கிறார் என்பதே அதன் சாரம். மாமி கணவரை இழந்தவர், பிள்ளைகள் இல்லை, அப்போது இடுப்பு முறிந்து கட்டிலோடு இருந்தார்.

"அவ ஓமெண்டிட்டா, அண்ணை. கையெழுத்தைப் போட்டுச் சீலைக் குத்துங்கோ. மத்தியானம் உறுதி எழுத நொத்தாரிசிட்டைப் போகவேணும்."

"அவ ஓமெண்டதா நீ சொல்லுறாய். அவ சொல்லி நான் கேக்கேல்லை."

"சொந்தத் தம்பியிலை நம்பிக்கையில்லையோ?"

"கடதாசியை வைச்சிட்டுப் போ."

அன்று பின்னேரம் அப்பாவை என் ஸ்கூட்டரில் சண்டிலிப்பாய்க்குக் கூட்டிப்போனேன். மாமி கடதாசியைப் பார்த்ததும், "ஓம் பெரியண்ணை, கையெழுத்து நான்தான் வைச்சனான். கறண்ட் லைன் மாத்துறதுக்கெண்டு சின்னண்ணை கேட்டவர்" என்றார். அப்பா கதிரையை இழுத்துப்போட்டு, நீதிமன்றத்தில் செய்வதைப் போலவே வரிவரியாகத் தமிழில் வாசித்தார். முடியும்வரை கேட்டிருந்த மாமி ஒன்றுதான் கேட்டார்.

"அப்ப நான் எங்கை இருக்கிறது?"

"இஞ்சைதான்" என்று சொல்லிவிட்டு, அப்பா அந்தக் கடதாசியை நாலாகக் கிழித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

திரும்பி வரும்போது, "இதை உன்ரை டயறியிலை எழுதாதை, பிள்ளை. அவன் என்ரை தம்பி" என்றார். ஓம் என்றேன். அன்றே எழுதினேன். அந்தப் பக்கத்தை முன்னால் வைத்துக்கொண்டுதான் இப்போது எழுதுகிறேன்.

சித்தப்பாவிடம் அப்பா, "கையெழுத்துப் போடமாட்டன்" என்றதோடு நிறுத்திக்கொண்டார். காரணம் சொல்லவில்லை. மாமியையும் சொல்லவிடவில்லை. அப்பாவுக்குக் கல் மனம் என்று சித்தப்பா வீடு வீடாகச் சொன்னார். தன் மகளின் கலியாணத்துக்கு அப்பாவை அழைக்கவில்லை. உங்களில் பலர் அந்தக் கலியாணத்தில் சாப்பிட்டீர்கள். மூத்தவரை ஏன் காணவில்லை என்று எங்கள் வீட்டுப் படியேறி ஒருவராவது கேட்டீர்களா? கேட்டிருந்தாலும் அப்பா சொல்லியிருக்க மாட்டார். அதற்காக அப்பாமீதும் எனக்குக் கோபம் உண்டு.

கடைசி நான்கு மாதமும் சிறுநீரகம் பழுதாகிப் படுக்கையில் இருந்தார். அப்போதும் சொல்லவில்லை.

உடல் வீட்டைவிட்டுப் போகுமுன்னே சித்தப்பா பந்தலில் இருந்து, "அண்ணை சட்டத்திலை சூரன். சொந்தத்துக்கு ஒரு கையெழுத்துப் போடத்தான் அவருக்குக் கை வராது" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். யார் யார் என்பதும் என்னிடம் எழுத்தில் உண்டு.

இதை அச்சுக்குக் கொடுக்குமுன் மாமிக்கு வாசித்துக் காட்டினேன். "போடு" என்றார். பிறகு சித்தப்பா வீட்டுக்குப் போனேன். ஒருவரைப் பற்றி அவருக்குப் பின்னால் எழுதுவது அப்பாவின் முறையல்ல. மேலே உள்ள முழுவதையும் வாசித்தேன். சித்தப்பா குனிந்தபடி இருந்தார்.

"அண்ணை சண்டிலிப்பாய்க்குப் போனவரோ?"

"போனவர். அண்டைக்குப் பின்னேரமே."

"எனக்குச் சொல்லேல்லையே."

"ஒருதருக்கும் சொல்லேல்லை."

சித்தப்பா தலையை நிமிர்த்தினார். பிறகு, "தெரிஞ்சுகொண்டோ இவ்வளவு காலமும் றோட்டிலை கண்டால் 'சாப்பிட்டியோடா' எண்டு கேட்டவர்?" என்றார்.

"ஓம் சித்தப்பா. தெரிஞ்சுகொண்டுதான்."

எடுத்துவிடு என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் ஒரு வரியும் எடுத்திருக்க மாட்டேன்.

அப்பாவை வாரம் இரண்டு முறை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்கிய முன்வீட்டு ஓட்டோக்காரத் தம்பிக்கும், வீட்டுக்கே வந்து புண் கட்டிய தாதிக்கும், சக்கர நாற்காலியில் வந்து நாள் முழுவதும் தமையனின் தலைமாட்டில் இருந்த மாமிக்கும், அப்பாவைத் தோளில் சுமந்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பந்தலில் சிரித்தவர்களும் இன்று வந்திருப்பீர்கள். இருந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள். அப்பா இருந்தால் அதைத்தான் சொல்லுவார். என்னிடம் நன்றியை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

மகள்