குமணன்சாவடியில் என் கருவிழியை அளந்த நாள்

கல்யாண மேடையில் கண்ணாடி இல்லாமல் நிற்க வேண்டும். இந்த ஓர் ஆசைக்காகத்தான் போன சனிக்கிழமை பட்டாபிராமிலிருந்து கிளம்பினேன். லேசர் சிகிச்சைக்கு நாளே குறித்தாகிவிட்டது. வழக்கமான பரிசோதனையில் எல்லாம் சரி. கருவிழியின் மேல்தோல் எவ்வளவு தடிமன் என்று குமணன்சாவடியில் ஒரு ஸ்கேன் மட்டும் பாக்கி.

காலை 8.40 ரயில், ஆவடிக்கு ஐந்து ரூபாய். அங்கே பஸ்ஸுக்கு அரை மணி நேரம் நின்று வெறுத்துப்போய் ஆட்டோ பிடித்தேன். பத்து கிலோமீட்டர், 250 ரூபாய். வழியெல்லாம் புழுதி, கண் எரிந்தது. பழக்கதோஷத்தில் கைப்பையிலிருந்த ஜெல் மருந்தை இரண்டு கண்ணிலும் விட்டுக்கொண்டேன்.

"இன்னாம்மா, கண்ணு எரியுதா? கசக்காதமா. ஆவடிலேர்ந்து கசக்கிகினே கீற," என்றார் ஆட்டோக்காரர். எனக்குச் சுருக்கென்றது. சின்ன வயதிலிருந்தே இந்தப் பழக்கம் உண்டு.

10.15க்கு ஸ்கேன். தாடையை வைத்து, இமைக்காமல் விளக்கைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். திரை முழுக்கப் பச்சை. "சீரா வந்திருக்கு மேடம்," என்றாள் ஸ்கேன் எடுத்த பெண். கட்டிக்கொள்ளப் போகிறவரிடம் சொல்ல போனைக்கூட எடுத்துவிட்டேன். படிவத்தை நிரப்பிக்கொண்டே அவள் கேட்டாள்: "இன்னிக்கு டிராப்ஸ் எதுவும் போடலையே?"

இல்லை என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. யாருக்குத் தெரியப்போகிறது? ஆனாலும் போனைப் பைக்குள் போட்டுவிட்டுச் சொன்னேன்.

"ஆட்டோல வரும்போது ஜெல் போட்டேன்."

அவள் பேனா நின்றது. "அப்ப இது செல்லாது மேடம். ஜெல்லோட கனமும் சேர்ந்து வந்திருக்கும். ஒரு மணி நேரம் உக்காருங்க."

உண்மையைச் சொன்னதற்காக அந்த ஒரு மணி நேரமும் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். மறுபடி எடுத்தபோது இடது கண்ணின் கீழ்ப்பக்கம் நீலமாக ஒரு திட்டு.

அங்கிருந்த டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். "கருவிழி உள்ளுக்குள்ள புடைக்க ஆரம்பிச்சிருக்கு. நீலமா தெரியுற அந்தப் புடைச்ச இடத்துல மேல்தோல் மெலிஞ்சு, புடைப்பு வெளிய தெரியாம மறைச்சிருக்கு. அதான் சாதா டெஸ்ட்ல தெரியல. லேசர் வேண்டாம்மா. பண்ணா புடைப்பு வேகமா வளரும். கண்ணைக் கசக்குறதையும் இன்னியோட விட்டுடு."

படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன்.

போகிறவர்களுக்கு: ஆவடியில் பஸ்ஸை நம்பாதீர்கள். எந்த மருந்தை எப்போது நிறுத்த வேண்டும் என்று முன்னாலேயே போனில் கேளுங்கள். மறந்து போட்டுவிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள்.

மேடையில் கண்ணாடியோடுதான் நிற்கப்போகிறேன். வாழ்த்த வருகிறவர்களின் முகமாவது தெரியும்.