அவன் வீட்டாரை என்ன செய்தார்கள்?

சோலோதுர்ன் நகரில் நான் வழிகாட்டியாக இருந்த அருங்காட்சியகத்தில் வெனிஸ் கண்ணாடிப் பொருட்களுக்கென்று ஓர் அறை உண்டு. வெனிஸைச் சேர்ந்த முரானோ தீவின் கண்ணாடிக் கைவினைஞர்கள் தொழில் இரகசியத்தோடு வெளிநாடு போகக்கூடாது என்பது அக்காலத்துச் சட்டம். மீறிப் போனவனைத் திரும்ப அழைப்பார்கள். வராவிட்டால் அவனுடைய நெருங்கிய உறவினரைச் சிறையில் போடுவார்கள். அதற்கும் அசையாவிட்டால் அவனைக் கொல்ல ஆள் அனுப்புவார்கள். சுவரில் இருந்த பலகை, ஓடிப்போனவர்களைத் துரோகிகள் என்றது.

எங்கள் மேலாளருக்குக் கொலையாளி கதைதான் பிடிக்கும். "அதைச் சொல்லுங்கள், ரசிப்பார்கள். சிறைக் கதை வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை சந்தோஷமாக இருக்க வருகிறார்கள்" என்பார் அந்த அம்மா. பல மாதங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே சொன்னேன்.

ஒரு ஞாயிறு அப்பா அருகிலுள்ள ஓல்டன் நகரிலிருந்து வந்து கூட்டத்தோடு நின்றார். நான் கொலையாளியைப் பற்றிச் சொன்னதும் ஒருவர், "இரகசியத்தை விற்றவனுக்கு வேறென்ன கிடைக்கும்?" என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். வாசலில் நின்ற மேலாளரும் சிரித்தார்.

அப்பா மட்டும் தமிழில் கேட்டார்: "பிள்ளை, அவன் போனாப்பிறகு வீட்டுச்சனத்தை என்ன செய்தவங்கள்?"

அப்பா இந்த நாட்டுக்குத் தப்பி வந்த பிறகு, அவர் எங்கே என்று கேட்டு யாழ்ப்பாணத்தில் பெரியப்பாவை இராணுவத்தினர் பிடித்துக்கொண்டு போனார்கள். விட்டபோது அவரால் வலது கையைத் தூக்க முடியவில்லை. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"மறியலிலை போட்டவங்கள், அப்பா."

பிறகு, வீட்டாரைச் சிறையில் போட்டதை ஜெர்மன் மொழியிலும் உரக்கச் சொன்னேன். பலகையைக் காட்டி, "கற்ற தொழிலோடு போனவன் இங்கே துரோகி. அவன் வீட்டாரை அடைத்தவர்களுக்குப் பெயர் அரசு" என்றேன். சிரித்தவர் கைபேசியை எடுத்துப் பார்க்கத் தொடங்கினார்.

மேலாளர் என்னை அறைக்கு அழைத்தார். "இது உங்கள் நாட்டு அரசியல் மேடை இல்லை."

"எந்த நாடு? நான் ஓல்டனில் பிறந்தவள். நான் சொன்னது வெனிஸ் வரலாறு. உங்கள் நூலகத்திலேயே இருக்கிறது."

அடுத்த வாரமே என்னை நுழைவுச்சீட்டு கொடுக்கும் இடத்தில் உட்கார வைத்தார். வேறொரு வழிகாட்டி அழைத்துப்போன கூட்டத்திலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அன்றே வேலையை விட்டேன்.

"ஏன் பிள்ளை விட்டனி? நான் கேட்டதாலையோ?" என்றார் அப்பா.

"இல்லை அப்பா. அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு இருக்க என்னாலை ஏலாது."

"ஓம்" என்றார். அவருடைய குரலிலும் கோபம் இருந்தது.