பாடங்கள் இருந்த ஹார்ட் டிஸ்க்

கம்ப்யூட்டருக்குள் அந்தச் சத்தம் முதலில் கேட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். பல்லி சொல்வதுபோல 'டக்' என்றது, பிறகு சும்மா இருந்தது. பல்லி சொன்னால் காலண்டரில் பலன் பார்க்கலாம். இதற்கு எங்கே போய்ப் பார்ப்பது? ஃபேன் சத்தம்தான் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். என் மனைவிக்குத் தொண்டை கரகரத்தபோதும் இப்படித்தான் சுக்கு, மிளகு என்று நாளைக் கடத்தினோம். கடைசியில் ஆபரேஷனில் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள்.

திண்டிவனத்தில் அவள் அறிவியல் டீச்சராக இருந்தவள். ஊரடங்கின்போது பிள்ளைகளுக்காக அவள் பேசிப் பதிவுசெய்த பாடங்கள் எல்லாம் அந்தக் கம்ப்யூட்டரில்தான் இருந்தன. அவள் குரல் என்று இந்த உலகத்தில் மிச்சமிருந்தது அவ்வளவுதான். அவள் கடைக்குப் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு ஒளிச்சேர்க்கைப் பாடத்தைக் கேட்பேன்.

சத்தம் அடிக்கடி வரவும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. டிஸ்க்கில் உள்ளதை எல்லாம் அப்படியே ஒரே மூட்டையாகக் கட்டிவைக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. அதில் எது நல்லது என்று தேட ஆரம்பித்தேன். நான் கத்தரிக்காயையே காம்பைத் திருப்பிப் பார்த்து வாங்குகிறவன். இலவசமானது எங்கே கைவிடும், காசு கொடுத்தால் என்ன கூடுதலாகக் கிடைக்கும் என்று வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். மனைவி தன் போனில் எழுதிக் காட்டினாள்: "பொண்ணுக்கு மாப்பிள்ள பாத்தப்பகூட நீங்க இவ்ளோ விசாரிக்கல."

ஒருவழியாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். சி டிரைவில் இருந்த எல்லாவற்றையும் மூட்டை கட்டி டி டிரைவில் வைத்தேன். சி போனாலும் டி இருக்கும் என்பது கம்ப்யூட்டர் வைத்திருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு வேதவாக்கு. வெற்றி என்று திரையில் பச்சைக் குறி வந்தது. அன்று நன்றாகத் தூங்கினேன்.

ஆனாலும் சத்தம் நிற்கவில்லை. தூசியாக இருக்குமோ என்று பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஒரே ஒரு டிஸ்க்தான் இருந்தது. சி, டி என்பதெல்லாம் ஒரே வயலுக்கு நடுவில் போட்ட வரப்பு. வெள்ளம் வந்தால் இரண்டு பக்கமும்தான் மூழ்கும்.

மறுநாளே பஸ் பிடித்து விழுப்புரம் போய் வெளியே செருகும் டிஸ்க் ஒன்று வாங்கி வந்தேன். கம்ப்யூட்டரைப் போட்டதுமே சத்தம் விடாமல் வந்தது. மனைவி பக்கத்தில் வந்து நின்றாள். தன் பாடங்கள் இருந்த ஃபோல்டரைத் திரையில் தொட்டுக் காட்டி, இதை மட்டும் முதலில் எடுங்கள் என்று சைகை செய்தாள். அது சில நிமிட வேலை. ஆனால் எனக்கு எல்லாம் வேண்டும், ஒன்றும் விடக்கூடாது. முழு மூட்டைக்கான பட்டனை அழுத்தினேன். அவள் என் தோளை மறுபடியும் தட்டினாள்.

"எல்லாத்தையும் ஒண்ணா எடுத்துக்கினுதானே இருக்கேன். கொஞ்சம் பேசாம இரு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. அவள் கையை எடுத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

திரையில் பச்சைக் கோடு பாதி தூரம் போயிருக்கும். சத்தம் சட்டென்று நின்றது. படிக்க முடியவில்லை என்று ஒரு வரி வந்தது. பிறகு எத்தனை தடவை போட்டுப் பார்த்தும் உள்ளே இருந்த அந்தப் பழைய டிஸ்க் அசையவே இல்லை. பாதி கட்டிய மூட்டையைப் பிரிக்கவும் வழியில்லை.

அவள் எழுந்து சுவிட்சை அணைத்தாள். போனில் ஏதோ எழுதி என் முன்னால் வைத்தாள்.

"டீ போடட்டுமா?"

தலையை மட்டும் ஆட்டினேன்.