பாக்ஸ் கிழிந்த சத்தம்

அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து மேசையில் இருக்கும் செல்வியின் மகள் நேற்று வாட்ஸாப்பில் மூன்று இணைப்புகள் அனுப்பியிருந்தாள். கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். எலக்ட்ரிக் கிட்டார் வாங்கி நான்கு மாதம் ஆகிறதாம். "அங்கிள், பிகினருக்கு இந்த மூணுல எந்த மல்டி எஃபெக்ட்ஸ் பெடல் நல்லது? உங்களுக்கு இதெல்லாம் தெரியும்னு அம்மா சொன்னாங்க." எனக்குக் கிட்டாரில் ஒரு கம்பியைக்கூட ஒழுங்காக மீட்டத் தெரியாது. என்றைக்கோ மதியச் சாப்பாட்டு நேரத்தில் பீற்றிக்கொண்டதன் பலனை இப்போது அனுபவிக்கிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். எலக்ட்ரிக் கிட்டாரை வெறுமனே மீட்டினால் காதருகே கொசு பறக்கிற அளவுக்குத்தான் சத்தம் வரும். அதன் ஒயரை இந்தப் பெட்டியில் செருகி, பெட்டியிலிருந்து ஸ்பீக்கருக்குக் கொடுத்தால், அதே கம்பி கிணற்றுக்குள்ளிருந்து பாடும், தொண்டை கட்டிக்கொண்டு அலறும். எது வேண்டுமோ அதைக் காலால் மிதித்து மாற்றிக்கொள்ளலாம். பெடல் வாங்கப் புதுச்சேரிக்குப் போகிறேன் என்று நான் ஒருமுறை சொன்னபோது, "தையல் மிஷினுக்கா?" என்று கேட்டாள் என் அம்மா.

அந்தப் பெண் அனுப்பிய இரண்டாவது இணைப்பில் பெட்டியோடு ஒரு ஹெட்ஃபோனும் இருந்தது. காதில் படும் இடத்தில் கறுப்பு ஸ்பாஞ்சு. அதைப் பார்த்ததும் ஒரு வாடை வந்தது. படத்துக்கு வாடை ஏது என்று கேட்காதீர்கள், வந்தது. விழுப்புரம் ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிர்ச் சந்தில் நான் வேலை பார்த்த பிரவுசிங் சென்டரில் ஆறு ஹெட்ஃபோன்கள் கிடந்தன. ஊரில் இருக்கிற எல்லாக் காதுகளின் வியர்வையும் அந்த ஸ்பாஞ்சுகளில் ஊறியிருந்தது. அதோடு பிரிண்டர் மையும் பூட்டிய ஏசி அறையின் ஈரமும் சேர்ந்த வாடை. அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. வேலைக்கான விண்ணப்பங்களை மற்றவர்களுக்கு நிரப்பிக் கொடுப்பதுதான் என் வேலை. எனக்கு ஒரு விண்ணப்பம் நிரப்பிக்கொள்ளத் துப்பில்லை.

அங்கேதான் ஜெரால்டு வந்தான். திண்டிவனத்துக்காரன். பாலிடெக்னிக் முடித்திருந்தான். பயோடேட்டா அடிக்க வந்தவன், பொழுதுபோக்கு என்ற இடத்தில் "எலக்ட்ரிக் கிட்டார்" என்று போடச் சொன்னான். கம்பெனிக்காரன் சிரிப்பான், "செய்தித்தாள் வாசித்தல்" என்று போட்டுக்கொள் என்றேன். "நான் பேப்பரே படிக்கிறதில்லையேடா" என்றான். பழகி ஐந்து நிமிடம் ஆகவில்லை, அதற்குள் டா. அன்றிலிருந்து வாரத்தில் மூன்று நாள் திண்டிவனத்திலிருந்து ரயிலேறி வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிடுவான்.

அவனுடைய அப்பா சவரிமுத்து திண்டிவனத்தில் ஒரு ரைஸ் மில்லில் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். முப்பது வருடமாக அந்த இரைச்சலுக்குள்ளேயே நின்றதில் அவருக்குக் காது பாதிக்குமேல் போய்விட்டது. வீட்டில் எல்லோரும் அவரிடம் கத்தித்தான் பேசுவார்கள். தடியான சத்தம் கொஞ்சம் கேட்கும். மெல்லிசான சத்தம் சுத்தமாகக் கேட்காது. கொலுசு, பறவை, குக்கர் விசில், எதுவும் இல்லை. ஜெரால்டு மூன்று வருடமாக வீட்டுக்குள் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தான். சவரிமுத்துவுக்குத் தெரிந்ததெல்லாம், மகன் ஒரு கட்டையை மடியில் வைத்துக்கொண்டு விரலை ஆட்டுகிறான் என்பதுதான்.

"எங்கப்பா காதுல வுழுவுற மாதிரி ஒரு சவுண்டு வேணும்டா" என்றான் ஜெரால்டு. "கம்பெனிக்குப் போறதுக்கு முன்னாடி ஒருவாட்டி அவரு கேக்கணும். அவ்ளோதான். அப்பறம் நான் எங்க வேணா போய் நட்டு முடுக்குறேன்."

அதற்குத்தான் பெடல். நான் அறிவாளி இல்லையா, சென்டரில் கூட்டமில்லாத நேரங்களில் இங்கிலீஷில் இருந்த விமர்சனங்களையெல்லாம் படித்து ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். எதில் நூறு சத்தம், எதில் எண்பது, எதில் தாளமும் வரும், எதில் சுருதி சேர்க்கும் வசதி உண்டு. நூறு உள்ளதுதான் நல்லது என்பது என் முடிவு. இப்போது கேட்டால், நூறில் தொண்ணூற்றாறை யாரும் தொடவே மாட்டார்கள் என்பேன். அப்போது எனக்கு எண்ணத்தான் தெரியும்.

ஒரு புதன்கிழமை இருவரும் புதுச்சேரிக்கு பஸ் ஏறினோம். வளவனூர் தாண்டும்வரை நான் நோட்டிலிருந்து படித்துக்கொண்டே வந்தேன். அவன் தூங்கிவிட்டான். கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் நான்கு பெடல்கள் இருந்தன. கடைக்காரர் ஒரு கிட்டாரை மாட்டி முதல் பெடலை மிதித்தார். ஜெரால்டு, "ஒரு நிமிசம்ங்க" என்று சட்டைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தான். பஞ்சு. அதை உருட்டி இரண்டு காதிலும் திணித்துக்கொண்டு, மேலே கையால் வேறு பொத்திக்கொண்டான். "இப்ப வாசிங்க" என்று கத்தினான், அவனுக்கே அவன் குரல் கேட்காததால்.

கடைக்காரர் என்னைப் பார்த்தார். "தம்பிக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றார். "இப்படித்தாங்க இவன் கேப்பான்" என்றேன். நான்கு பெடல்களையும் பஞ்சு வழியாகவே கேட்டான் ஜெரால்டு. என் நூறு சத்தப் பெட்டியை ஒதுக்கிவிட்டான். கடைசியில் எடுத்தது ஒரு சாம்பல் நிறப் பெட்டி, நாலு பென்சில் பேட்டரியில் ஓடுவது, அவற்றிலேயே மலிவானது. அதிலிருந்த சத்தங்களில் ஒன்று மட்டும் தடித்து, கரகரத்து, நெஞ்சில் மோதுகிற மாதிரி வந்தது. "இது மட்டும்தான்டா பஞ்சு தாண்டி உள்ள வருது" என்றான். என் வாழ்க்கையில் நான் பார்த்ததிலேயே ஒழுங்கான காரணத்தோடு ஒரு பொருளை வாங்கிய ஆள் அவன் ஒருவன்தான்.

வீட்டில் ஸ்பீக்கர் கிடையாது. ஹெட்ஃபோனில்தான் பழகினான். சென்டரிலிருந்து ஒன்றை நான் திருடிக்கொண்டு போய்க் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் திண்டிவனம் போவேன். ஆளுக்கு ஒரு காதாக வைத்துக்கொண்டு கேட்போம். அவனே ஒரு மெட்டுப் போட்டிருந்தான். மெதுவாகத் தொடங்கி, நடுவில் பெடலை மிதித்ததும் தடித்து எழும்பும். எனக்கு மயிர்க்கூச்செறியும். நிமிர்ந்தால் எதிரே சவரிமுத்து உட்கார்ந்து மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருப்பார். எங்கள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பார், அவ்வளவுதான். "அப்பா காதுல மாட்டிவிடேன்டா" என்று எத்தனையோ முறை சொன்னேன். "ஹெட்ஃபோன்ல வேணாம்டா. நாலு பேரோட உக்காந்து கேக்கணும். அவுரு புள்ளதான் வாசிக்கிறான்னு பக்கத்துல இருக்கறவன் சொல்லணும்" என்பான். இருபத்திரண்டு வயதில் அது நியாயமாகப் பட்டது. இப்போது அந்த நியாயத்தைச் செருப்பால் அடிக்கலாம் போலிருக்கிறது.

வாய்ப்பு வந்தது. அவர்கள் மாதா கோயில் திருவிழா. ஞாயிறு காலை பாடற்பூசை முடிந்து பந்தலில் பரிசளிப்பு, அதற்கு முன் ஐந்து நிமிடம் ஜெரால்டுக்கு. மறுவாரம் அவன் கம்பெனியில் சேர வேண்டும். சவரிமுத்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். என்னிடம் ஜெரால்டு ஒரே ஒரு வேலை கொடுத்தான். "மச்சான், மைக் செட்டு அண்ணன்கிட்ட முன்னாடியே சொல்லிடு. சவுண்டு கரகரன்னுதான் வரும், பயந்துடாதீங்கன்னு."

நான் போனேன். அவர் ஏணிமேல் நின்று ஸ்பீக்கர் பாக்ஸைக் கட்டிக்கொண்டே கீழே யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். இறங்கட்டும், பிறகு சொல்வோம் என்று நினைத்தேன். அதற்குள் யாரோ கையில் கேசரித் தட்டைக் கொடுத்தார்கள். முந்திரி நிறையப் போட்ட கேசரி. சாப்பிட்டேன். சொல்ல மறந்துவிட்டேன். இதை இத்தனை வருடத்தில் யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

ஜெரால்டு மெதுவாகத் தொடங்கினான். சவரிமுத்து காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார். ஒன்றும் விழவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. ஜெரால்டு அவரைப் பார்த்துக்கொண்டே பெடலை மிதித்தான். பந்தல் அதிர்ந்தது. சவரிமுத்துவின் தலை சட்டென்று நிமிர்ந்தது. கை காதிலிருந்து கீழே இறங்கியது. வாய் திறந்தது. நான் பார்த்தேன். நாலு விநாடி இருக்கும்.

"பாக்ஸ் போச்சி! பாக்ஸ் கிழிஞ்சிடுச்சி!" என்று கத்திக்கொண்டு மைக் செட்டுக்காரர் பாய்ந்து வந்து ஒயரைப் பிடுங்கினார்.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் பக்கம் மைக் செட்டு வைத்திருப்பவருக்குக் கரகரப்பு என்றால் ஒரே அர்த்தம்தான், ஸ்பீக்கருக்குள் இருக்கும் காகிதம் கிழிந்துவிட்டது. நான் ஓடிப் போய், "அண்ணா, அந்த சவுண்டே அப்படித்தாங்க" என்றேன். "யாருகிட்ட? இருவது வருசமா செட்டு போட்டுகினு இருக்கேன், எனக்குத் தெரியாதா கிழிசல் சத்தம்? போடா அந்தாண்ட" என்றார். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள், சிலர் கைதட்டினார்கள். பங்குச்சாமியார் கடிகாரத்தைப் பார்த்தார். பரிசளிப்பு தொடங்கிவிட்டது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் சவரிமுத்து மகனைக் கேட்டார், "நடுவுல மில்லு ஓடுற மாதிரி ஒண்ணு கேட்டுச்சே, அது நீயாடா?"

"இல்லப்பா. பாக்ஸ் கிழிஞ்சிடுச்சி" என்றான் ஜெரால்டு. என் முகத்தை அவன் பார்க்கவில்லை. அன்றைக்கு மட்டுமில்லை, அதற்குப் பிறகும் அவன் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. திட்டியிருந்தால் இன்றைக்குக் கொஞ்சம் நன்றாகத் தூங்குவேன்.

கம்பெனிக்குப் போனான். அடுத்த திருவிழாவில் பார்த்துக்கொள்வோம் என்றான். அடுத்த திருவிழாவுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, காலை ஷிஃப்டுக்கு பைக்கில் போனவன் மேல் லாரி ஏறியது. நெடுஞ்சாலை ஓரத்து ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விவரிக்க வேண்டியதில்லை.

நாலைந்து மாதம் கழித்து சவரிமுத்து போன் செய்தார். போனில் அவருக்கு ஒன்றும் கேட்காது என்பதால் அவரே பேசிவிட்டு வைத்துவிட்டார். "ஒருவாட்டி வந்துட்டுப் போப்பா. ஒண்ணு கேக்கணும்." போனேன். கிட்டாரை வேறு பங்குக் கோயிலில் ஒரு பெண் கேட்டாளென்று கொடுத்துவிட்டார்களாம். பெடல் மட்டும் பரணில் கிடந்தது. அது என்ன பெட்டி என்றே யாருக்கும் தெரியாததால் யாரும் கேட்கவில்லை. சவரிமுத்து அதைத் துணியால் துடைத்து வைத்திருந்தார். ஹெட்ஃபோனும் இருந்தது. பக்கத்தில் காகிதத்தில் சுற்றிய நாலு புதுப் பேட்டரிகள்.

"நாலு போடணும்னு அவன் சொல்லிருக்கான்" என்றார். "இதுல அவன் வாசிச்சது இருக்குமாப்பா?"

இருக்காது. அந்தப் பெட்டி எந்தப் பாட்டையும் சேர்த்து வைக்காது. சத்தம் எப்படி இருக்க வேண்டும் என்ற அளவுகளை மட்டும் வைத்துக்கொள்ளும். வாசிக்கக் கை வேண்டும். இதை எப்படிக் கத்திச் சொல்வது? தெரு முழுக்கக் கேட்குமே. பேட்டரிகளைப் போட்டேன். சின்னத் திரையில் வெளிச்சம் வந்தது. அவன் கடைசியாக வைத்திருந்த சத்தத்தின் பெயர் ஆங்கில எழுத்தில் வந்தது. "அப்பா" என்று வைத்திருந்தான். படித்துச் சொன்னேன். அவர் பெட்டியைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

ஹெட்ஃபோனை முதலில் நான் வைத்துப் பார்த்தேன். கிட்டார் இல்லாத பெடலில் வருகிற வெறும் இரைச்சல், ஸ்ஸ் என்று, மெல்லிசாக. அவர் காதுக்கு ஒருநாளும் எட்டாத வகைச் சத்தம். அதைத்தான் அவர் காதில் மாட்டினேன். முழங்காலில் கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். பத்து நிமிடம் அசையவில்லை.

"கேக்குதா அங்கிள்?" என்று கத்தினேன்.

"கேக்குதுப்பா" என்றார். "அன்னிக்கிப் பந்தல்ல கேட்டுச்சே, அதான்." கண்ணைத் திறந்து, "பேட்டரி தீந்துட்டா போயிடுமா?"

"போகாது அங்கிள்."

"அப்ப சரி" என்று மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார்.

சவரிமுத்துவும் போய்ச் சேர்ந்துவிட்டார். ரைஸ் மில் இருந்த இடத்தில் கல்யாண மண்டபம். பிரவுசிங் சென்டரில் இப்போது செல்போனுக்குக் கண்ணாடி ஒட்டுகிறார்கள். அந்தச் சாம்பல் நிறப் பெட்டி பழைய இரும்புக்காரனிடம் போயிருக்கும். செல்வியின் மகளுக்கு நான் இன்னும் பதில் போடவில்லை. எதை வாங்கினாலும் ஹெட்ஃபோனை அம்மா காதில் ஒருமுறை மாட்டிவிடு என்று அடித்தேன், அழித்தேன். இன்று காலை அவளே எழுதியிருந்தாள், "வாங்கிட்டேன் அங்கிள். ஆஃபர் முடியப்போகுதுன்னு போட்டிருந்தாங்க."

ஜெரால்டு போட்ட அந்த மெட்டை முழுசாகக் கேட்டவர்கள் உலகத்தில் இரண்டே பேர். அவனும் நானும். நேற்றிலிருந்து அதை நினைவுக்குக் கொண்டுவரப் பார்க்கிறேன். எப்படித் தொடங்கும் என்றுகூட வரவில்லை. ஸ்ஸ் என்ற இரைச்சல்தான் வருகிறது.