எட்டுக் கைகள்

முதலில் நான்கு நெற்றிகள் வந்தன. பிறகு எட்டுக் கண்கள். அந்தக் காலத்துக் கணினி ஒரு புகைப்படத்தைக் கோடு கோடாக, மேலிருந்து கீழாகத்தான் இறக்கிக் காட்டும். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய படம் அது. குடிசைக்கு முன்னால் நான்கு பெண்கள் வரிசையாக நின்றார்கள். முகங்கள் முழுதாக வந்ததும், என் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்த பாத்தின், "இதுல ஒண்ணு என் அம்மா" என்றார். எது என்று கேட்டேன். "அது தெரிஞ்சா நான் ஏன் தம்பி மூணு பஸ் மாறி இங்க வரேன்?" என்றார்.

பாத்தின் என்பது பெயரல்ல. தெமுவான் பூர்வகுடி மக்கள் தங்கள் கிராமத் தலைவரை அப்படித்தான் அழைப்பார்கள். மலேசியாவில், மலாக்கா மாநிலத்து ரெம்பியாவிலிருந்து உள்ளே போனால், ரப்பர்த் தோட்டம் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் அவருடைய கம்போங் இருந்தது. இளம் வயதில் அந்தத் தோட்டத்தில் நம் ஆட்களோடு சேர்ந்து பால்மரம் வெட்டி, ரப்பர்ப் பால் எடுத்தவர். அதனால் நன்றாகத் தமிழ் பேசுவார். கெட்ட வார்த்தைகளைத்தான் முதலில் கற்றுக்கொண்டதாக அவரே சொல்லிச் சிரிப்பார். ஜப்பான்காரன் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வெள்ளைக்காரர் அவர்கள் கம்போங்குக்கு வந்து, பாத்தினின் அம்மாவையும் சேர்த்துப் படம் எடுத்திருக்கிறார். அப்போது பாத்தின் கைக்குழந்தை. ஜப்பான் காலத்தில் காய்ச்சலில் அம்மா இறந்துபோனாள். அவள் முகம் அவருக்கு நினைவில்லை.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். லாரியில் உதவியாளாக ஓடினேன், செர்காமில் மீன் தரம் பிரித்தேன், புக்கிட் ரம்பாய் தொழிற்சாலையில் இரண்டு வருடம் ஷிப்டு பார்த்தேன். எந்த வேலையும் என்னைப் பிடித்து வைக்கவில்லை, நானும் எதையும் பிடித்து வைக்கவில்லை. தொண்ணூறுகளின் கடைசியில் மலாக்கா பட்டணத்தில் ஓர் அருங்காட்சியகத்தின் கிடங்கில் பெட்டி தூக்கும் ஒப்பந்த வேலை கிடைத்தது. பழைய ஆல்பங்களை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த வேலைக்கு இருந்தவர் சிங்கப்பூருக்குப் போய்விட, அலுவலகத்தில் சும்மா நின்ற என்னை அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

பாத்தின் அங்கே வருவது அது நான்காவது முறை. முதல் மூன்று முறையும், படத்தின் எண்ணைச் சொன்னால்தான் எடுத்துக் காட்ட முடியும் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எண் பதிவேட்டில் இருந்தது. பதிவேடு ஆங்கிலத்தில் இருந்தது. அதுவும் பூட்டிய அறைக்குள் இருந்தது. நான்காவது முறை வாசலில் அவரைப் பார்த்த ஆவணப் பொறுப்பாளர் மேடம், உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துத் தானே தேடி எடுத்தார். மேடம் யாழ்ப்பாணத்துக் குடும்பம், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர், சட்டம் என்றால் சட்டம். பதிவேட்டில் அந்தப் படத்துக்கு நேரே 'காட்டுவாசிப் பெண்கள், மலாக்கா' என்றும், பெயர் என்ற இடத்தில் 'தெரியவில்லை' என்றும் இருந்தது.

அம்மாவை அடையாளம் காட்டக்கூடியவர் ஒரே ஒருவர்தான், பாத்தினின் அக்கா. அவருக்குக் கால் வீங்கி, வீட்டுப் படி இறங்க முடியாத நிலை. ஆல்பம் கட்டடத்தை விட்டு வெளியே போகக்கூடாது. "ஆல்பம் போகேலாது. அச்செடுத்த தாள் போகலாம், நான் கையெழுத்து வச்சுத் தாறன்" என்றார் மேடம். நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றேன்.

அங்கேதான் என் புத்தியைக் காட்டினேன். எங்கள் தோட்டத்தில் யாராவது இறந்துபோனால், தனியாக எடுத்த படம் இருக்காது. யாருடைய கல்யாணத்திலாவது கூட்டமாக நின்ற படத்தைத் தேடி எடுத்துப் பட்டணத்து ஸ்டூடியோவில் கொடுப்போம். அவர்கள் தலையை மட்டும் வெட்டியெடுத்து, பின்னால் நீல நிறம் பூசிப் பெரிதாக்கித் தருவார்கள். மரச்சட்டம் போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டுவிட்டால் ஆள் சாமியாகிவிடுவார். என் பதினோராவது வயதில் அம்மா செத்தபோது அப்பா செய்ததும் இதுதான். எனக்குத் தெரிந்த மரியாதை அது ஒன்றுதான். அதையே அந்த நான்கு பெண்களுக்கும் செய்தேன். நான்கு முகங்களையும் தனித்தனியாக வெட்டிப் பெரிதாக்கினேன். நான்கு சட்டங்கள் வாங்கினேன். கோயில் வாசலில் நான்கு முழம் மல்லிகை வாங்கிக்கொண்டு ரெம்பியா பஸ் ஏறினேன். அன்று பஸ் முழுக்க மல்லிகை வாசம்.

சந்தியில் மோட்டார் சைக்கிளோடு நின்றிருந்த பாத்தின் பையைத் திறந்து பார்த்தார். "என்னா தம்பி, நாலு பேருக்குமா மாலை? எனக்கு ஒரு அம்மாதான்லா."

அக்கா பாயில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு சட்டமாக வாங்கி, மல்லிகையை விலக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பாத்தின் அக்காவின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நான்கையும் பார்த்து முடித்து அக்கா ஏதோ கேட்டார். அவர்கள் பேச்சு மலாய்க்கு நெருக்கமானது, பாதி எனக்கே புரியும். மீதியைப் பாத்தின் தமிழில் சொன்னார்.

"கை எங்கன்னு கேக்குறா."

எனக்கு விளங்கவில்லை. அக்கா என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். அம்மா சாகும்போது அவருக்கு ஏழெட்டு வயது. அம்மாவின் இடுப்பு உயரம்தான் இருப்பார். காட்டுப் பாதையில் எப்போதும் அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடந்திருக்கிறார். தம்பி அம்மாவின் முதுகில் இருப்பான். பாதையைப் பார்த்து நடக்கிற பிள்ளை எப்போது அண்ணாந்து முகத்தைப் பார்க்கும்? முகம் தேய்ந்துவிட்டது. கை அப்படியே இருக்கிறது. பார்த்தால் தெரியும். சொல்லி முடித்துவிட்டு மாலையை விரலால் தட்டினார். பாத்தின் சிரித்துவிட்டார். "இவ்வளவு பூ போட்டிருக்கான், ரெண்டு கை போட எடமில்லையான்னு கேக்குறா."

அடுத்த வாரமே முழுப் படத்தோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வந்து கணினியைத் திறந்தால் நான்கு முகங்கள்தான் இருந்தன. வெட்டியதை முழுப் படத்தின் மேலேயே சேமித்திருக்கிறேன். ஆல்பத்தை எடுத்து மறுபடி ஸ்கேன் செய்யலாம் என்று அலமாரிக்குப் போனால் அந்த இடம் காலியாக இருந்தது. "அது பைண்டிங்குக்குக் கோலாலம்பூர் போயிட்டுதே" என்றார் மேடம். நான் செய்ததைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "நீர் கெட்டிக்காரன் எண்டு நினைச்சன்" என்றார். பிறகு தலைநகருக்குக் கடிதம் எழுதினார். பதில் வராததால் இன்னொன்று எழுதினார். நான் வாரம் ஒருமுறை ரெம்பியா மளிகைக்கடைக்குப் போன் செய்து, இன்னும் வரவில்லை என்று பாத்தினுக்குச் சொல்லச் சொல்வேன். நோன்பு மாதம் முடிந்த பிறகுதான் ஆல்பம் திரும்பி வந்தது.

முழுப் படத்தைப் பெரிய தாளில் அச்செடுத்து, சுருட்டி, குழாயில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். சந்தியில் பாத்தின் நின்றிருந்தார்.

"அக்கா போயிட்டா" என்றார். "மூணு வாரம் ஆச்சு."

ஏன் தாமதம் என்று அவர் கேட்கவில்லை. "படம் கொண்டாந்தியா? ஏறு" என்றார்.

அக்கா உட்கார்ந்திருந்த இடத்திலேயே தாளை விரித்தோம். சுவரில் என் நான்கு சட்டங்களும் மாட்டியிருந்தன, காய்ந்த மல்லிகையோடு. படத்தில் ஒரு பெண் இரண்டு கைகளையும் வயிற்றின்மேல் கோத்திருந்தாள். ஒருத்தி கூடையின் வாரைப் பிடித்திருந்தாள். ஒருத்தியின் கைகள் தொங்கின, விரல்கள் மட்டும் மடங்கியிருந்தன. கடைசிப் பெண் ஒரு கையால் மற்ற கையின் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். வீட்டுப் பெண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். அக்காவின் மகள் தன் கையைத் தாளில் வைத்து, கூடைக்காரியின் கை தன்னுடையதைப் போலவே இருக்கிறது என்றாள். இன்னொருத்தி அவள் கையைத் தள்ளிவிட்டுத் தன் கையை வைத்தாள். கட்டைவிரலைப் பார், நகத்தைப் பார் என்று கொஞ்ச நேரம் ஒரே சண்டை. எல்லோரும் ஓய்ந்த பிறகு பாத்தின் தன் கையை ஒவ்வொரு பெண்ணின் கைக்குப் பக்கத்திலும் வைத்துப் பார்த்தார். நான்காவது பெண்ணிடம் வெகுநேரம் வைத்திருந்தார். பிறகு எடுத்துக்கொண்டார்.

"ஆம்பள கைய வச்சு என்னத்தக் கண்டுபுடிக்கிறது" என்றார்.

கிளம்பும்போது, கணினியில் பெயர் எழுத இடம் இருக்கிறதே, அதில் என்ன இருக்கிறது என்று கேட்டார். 'தெரியவில்லை' என்று இருப்பதைச் சொன்னேன். "அத அழிச்சிடு. இவங்க பிள்ளைங்க இருக்காங்க, இந்தக் கம்போங்லதான் இருக்காங்கன்னு எழுது. தெரியாதவன் வந்து கேக்கட்டும்." மறுநாள் எனக்குத் தெரிந்த மலாயில் அப்படியே எழுதினேன். மேடம் படித்துப் பார்த்து, இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்தி, அப்படியே விடச் சொன்னார்.

ஒப்பந்தம் முடிந்ததும் நான் ஜொகூர் பக்கம் போய்விட்டேன். பாத்தின் இறந்த செய்தி ஒரு வருடம் கழித்துத்தான் வந்தது. இப்போது அந்தப் படம் இணையத்தில் இருக்கிறது. எண்ணும் வேண்டாம், கடிதமும் வேண்டாம். அவர் பேரப்பிள்ளைகள் கைப்பேசியில் விரலால் விரித்துப் பார்க்கிறார்கள். கீழே அந்த வரியும் இருக்கிறது.

என் அம்மா பால்மரம் வெட்டியவள். அவள் கை எப்படி இருந்தது என்று யோசித்தால் எனக்குக் கத்தி நினைவுக்கு வருகிறது, வாளி நினைவுக்கு வருகிறது, கை வருவதில்லை. பக்கத்து வீட்டு அக்காவின் கல்யாணப் படத்திலிருந்துதான் அவள் தலையை வெட்டி எடுத்தோம். தோட்டத்தை விற்றபோது அந்தக் குடும்பம் எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. பழைய தோட்டத்து ஆட்களை எங்கே பார்த்தாலும், கோயில் திருவிழாவிலோ சாவு வீட்டிலோ, அந்தக் கல்யாணப் படம் யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்கிறேன். உன் அம்மா படம்தான் உன் வீட்டிலேயே மாட்டியிருக்கிறதே என்கிறார்கள். முகம் இருக்கிறது, முகம் வேண்டாம் என்று சொல்லித்தான் கேட்கிறேன்.